பட்டாணி அளவு

பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். டாக்டர் அம்மா தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டி, "ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான், தொடையில தேய்ச்சிட்டுக் கையைக் கழுவிருங்க" என்றார். நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பச்சைப் பட்டாணி உப்பலாக இருக்கும், காய்ந்தது சிறுத்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒருத்தியின் குரலே போய்விடலாம் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது, சனிக்கிழமை நாலேகால் மணிக்கு, ஆளில்லாத ஆலயத்தில், பாடகர் குழுவின் முதல் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது. பைக்குள் அந்த டியூப் இருக்கிறது. வழியில் எங்காவது குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். முருகன்குறிச்சியில் ஒரு தொட்டி இருந்தது, போடவில்லை. பஸ் நிறுத்தத்தில் இன்னொன்று இருந்தது, அதற்குள் ஒரு நாய் தலையை விட்டிருந்தது, நாய் இதைத் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து அங்கேயும் போடவில்லை. அதற்குக் குரைப்பு கனத்துப் போகுமோ என்னவோ. ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்திக்கு வருகிற யோசனையா இது. ஐந்து மணிக்குத்தான் பயிற்சி. கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு இன்னும் மூன்று சனிக்கிழமைகள் இருக்கின்றன. நான் முந்தி வந்ததற்குக் காரணம், குழுவை நடத்துகிற வேதமாணிக்கம் சார் வந்ததும் மற்றவர்கள் காதில் விழாமல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: சார், இனிமேல் நான் ஆல்ட்டோவில் நிற்கிறேன். பஸ்ஸில் வரும்போதே அதைப் பழகிவிட்டேன். முப்பத்தோரு வருஷம் சோப்ரானோவில் முதல் ஆளாக மேலே பாடியவள், கீழே பாடுகிறவர்களோடு போய் நிற்கிறேன் என்று சொல்ல மூன்று வினாடி போதும். சுகிர்தா, ஏம்மா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பழகாத பாகம்.

ஏன் என்றால் சார், எனக்கு ஆசை திரும்பி வந்துவிட்டது. இப்படிச் சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், எது விளங்காவிட்டாலும் அவர் அதைத்தான் செய்வார். நாற்பத்தொன்பதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. நின்றால் நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு நின்றது அது மட்டுமில்லை. தூக்கம் நின்றது. டிசம்பர் மாத ஆராதனையில் பிரசங்கத்தின் நடுவில் திடீரென்று காது மடலிலிருந்து கழுத்து வரை தீப்பற்றும், பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கெல்லாம் பிறகு, அல்லது அதற்கெல்லாம் அடியில், இன்னொன்றும் நின்றது. வீட்டுக்காரர் கை மேலே பட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. கோபமில்லை, வெறுப்பில்லை, ஒன்றுமே இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கை பட்டதுபோல. ஜெபசிங் நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, பாலிடெக்னிக் பட்டறையில் முப்பது வருஷம் பையன்களுக்கு லேத் ஓட்டச் சொல்லிக்கொடுத்தும் ஒருத்தனைக் கைநீட்டி அடிக்காதவர். ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு, "நான் குறட்டை விடுதேன், உனக்குத் தூக்கம் கெடுது" என்று முன்னறைக் கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் குறட்டை விடுகிறவரே இல்லை. போகட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது, அப்படி இருந்ததே என்று நினைத்துத்தான் பிறகு அழுதேன். மூன்று வருஷம் அந்தத் தலையணை அங்கேயே கிடந்தது. டாக்டர் அம்மாவிடம் நான் தூக்கத்துக்காகத்தான் போனேன். அவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, "வீட்டுக்காரரோட எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். நல்லா இருக்கோம் டாக்டர் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அழுதுவிட்டேன், அந்த அம்மா டிஷ்யூ டப்பாவைத் தள்ளிவைத்தார். தூக்கத்துக்கும் வேர்வைக்கும் முதலில் வேறு மருந்து தந்து சரிபண்ணினார். ஆறு மாதம் கழித்து, அந்த இன்னொன்று மட்டும் அப்படியே இருக்கிறது என்றபோதுதான் இந்த டியூப்.

ஆண் ஹார்மோன் ஜெல் அது, அட்டையிலேயே ஆண்களுக்கு என்று போட்டிருக்கிறது. "பொம்பளைங்க உடம்புலயும் இது கொஞ்சம் உண்டு, வயசானா குறையும், அந்தக் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தாரோம், ஆம்பளை அளவுல பத்துல ஒரு பங்கு" என்றார் டாக்டர் அம்மா. அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். பரு வரலாம், தேய்க்கிற இடத்தில் மயிர் கூடலாம், முகத்தில் ஒன்றிரண்டு முளைக்கலாம், தலைமுடி கொட்டலாம். கடைசி விரலில் கொஞ்சம் நின்றார். "குரல் கனக்கலாம். இந்த அளவுல அது அபூர்வம். ஆனா கனத்துட்டா சில பேருக்குத் திரும்பாது. வித்தியாசம் தெரிஞ்சா உடனே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும்." சரி டாக்டர் என்றேன். நான் பாடுகிறவள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தந்திருக்க மாட்டாரோ என்ற பயத்தில் சொல்லவில்லை, இதை இங்கே ஆலயத்தில் உட்கார்ந்து ஒத்துக்கொள்கிறேன். மருந்துக் கடைக்காரர் சீட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, "சாருக்கா?" என்றார். "ம்" என்றேன். வீட்டில் ஜெபசிங் அலமாரியில் டியூபைப் பார்த்து, "முட்டுவலிக்கா?" என்றார். அதற்கும் "ம்" என்றேன். ஒரு எழுத்தில் இரண்டு பொய். ஆகஸ்ட் மாதம் தொடங்கினேன். ஒரு மாதம் ஒன்றுமில்லை, நெற்றியில் மட்டும் இரண்டு பரு, பத்தாம் வகுப்பில் வந்த அதே இடத்தில். தாடைக்கடியில் கம்பி மாதிரி இரண்டு முடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடுங்கிவிடுவேன். வலது தொடையில் மட்டும் கருகருவென்று ஒரு திட்டு, அதைப் பார்க்கப்போவது யார். அப்புறம் ஒரு ஞாயிறு, அவர் கையில்லாத பனியனோடு நின்று சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டியை மடித்து, நுனியை ஒரு அழுத்து அழுத்தித் திருப்பினார். அந்தத் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போன கரண்ட் வந்ததும் யாரும் தொடாமல் ஃபேன் சுற்றத் தொடங்குமே, அப்படித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன?" என்றார். "சூடு ரொம்ப வைக்காதீங்க" என்றேன். அந்த வாரமே தலையணை உள்ளே வந்தது. குறட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன், "நின்னுட்டு போல" என்றார். ஆண்டவரே, அந்த வாரத்தை நான் எப்படி மறப்பேன்.

அதனால்தான் போன் பண்ணவில்லை. குரல் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் டாக்டர் அம்மாவுக்குப் போன் பண்ணாமல் மூன்று வாரம் கடத்தியவள் பைத்தியமில்லை, சொன்னால் நிறுத்து என்பார், அதுதான். நிறுத்தினால் தலையணை மறுபடி முன்னறைக்குப் போகும். நிறுத்தாவிட்டால் மேல் மீ போகும். மேல் மீ என்பது வேதமாணிக்கம் சாரே எழுதி மெட்டுப் போட்ட இந்த வருஷப் பாட்டின் உச்சி. மூன்றாம் சரணத்தில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, சோப்ரானோவில் நான் மட்டும் தனியாக ஏறி, அங்கே நாலு எண்ணிக்கை நிற்க வேண்டும். எங்கள் ஆலயத்தில் கோடு போட்ட நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது, எல்லாம் சோல்ஃபாதான், தோ ரே மீ என்று சார் தன் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துத் தருவார். கீபோர்டில் பிரின்ஸ்டன் ஒரு தோ கொடுப்பான், அதுதான் எங்களுக்கு வாசற்படி, அங்கிருந்து ஏறுவோம், இறங்குவோம். அக்டோபரில் அந்த மேல் மீ எனக்குத் துணி உலர்த்துகிற கொடி எட்டுவதுபோல எட்டியது. நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை எட்டவில்லை. தொண்டை இறுகி, சத்தம் பிசிறி, கடைசியில் காற்று மட்டும் வந்தது. சார் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டி, "வாயைத் திறந்து பாடுங்கம்மா, சும்மா முணுமுணுக்காதீங்க" என்றார். மூன்று வாரமாக ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே பிசிறு. பக்கத்தில் ராஜபுஷ்பம் டீச்சர் என்னைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்க்கிறாள். முப்பது வருஷமாக என் தோளோடு தோள் உரசி நிற்கிறவள், அவள் பார்க்காமல் இருப்பதே எனக்குப் போதும், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஆராதனையிலும் அப்படித்தான், ஞானப்பாட்டுகூட எனக்கு மூச்சு முட்டுகிறது. போன ஞாயிறு போதகர் ஐயா, சபையில் உற்சாகம் குறைந்துவிட்டது, பாதிப்பேர் வாயே திறக்கவில்லை என்று இருபது நிமிஷம் கடிந்துகொண்டார், என்னையே பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. இதெல்லாம் போதாதென்று கேஸ் சிலிண்டருக்குப் போன் பண்ணினால் எடுத்த பெண், "சொல்லுங்க சார்" என்றாள். சார். ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் நான் நம்பர் விசாரணையில் இருந்தேன், "வணக்கம், என்ன எண் வேண்டும்" என்று நான் சொல்வதைக் கேட்பதற்கென்றே சும்மா போன் பண்ணுகிறவர்கள் இருந்தார்கள், நான் அதட்டி வைப்பேன். அந்தக் குரலுக்கு சார். அன்றிலிருந்து குளியலறையில் பாடுவதை விட்டுவிட்டேன். பாடாமல் இருந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாது பாருங்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா.

நாலரை ஆகிறது, இன்னும் யாரும் வரவில்லை. கீபோர்டு மூடிக் கிடக்கிறது, அதன் பச்சைத் துணியில் போன வருஷத்து ஜிகினா ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது. மூலையில் பழைய கால்மிதி ஆர்கன், கீபோர்டு வந்த பிறகு அதன் மேல் பூச்சாடி வைக்கிறார்கள். ஆல்ட்டோவுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது, போவதற்கு முன்னால் எதுவரை போகிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன. இறந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடுவதில்லையா. பூச்சாடியை இறக்கிவைத்தேன். மிதித்ததும் உள்ளேயிருந்து தூசியும் பழைய மரவாசனையும் வந்தது, ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பிரின்ஸ்டன் விரல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அவன் பின்னால்தானே வருஷக்கணக்காக நிற்கிறேன், இரண்டிரண்டாக இருக்கிற கறுப்புக் கட்டைகளில் இரண்டாவது. அழுத்தினேன். தோ. அது கொடுத்த தோவில் மெதுவாக ஏறினேன், ரே, மீ, ஃபா, அடுத்த வீட்டு மாடிப்படியில் ஏறுகிறவள் மாதிரிப் பயந்து பயந்து. மேல் தோ வந்தது. மேல் ரே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மேல் மீ வந்துவிட்டது. பிசிறில்லை. இறுக்கமில்லை. நாலு எண்ணிக்கை நின்றேன், ஆறும் நின்றேன், பலிபீடத்துப் பக்கமிருந்து ஒரு புறா படபடவென்று பறந்தது. இன்னொரு தடவை பாடினேன், மறுபடியும் வந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே. என் புத்தி அப்படிப்பட்டதல்லவே. ஆர்கன் பழசு, தோல் கிழிந்து காற்றுப் போய் சுருதி இறங்கியிருக்கும், அதனால்தான் எனக்கு எட்டுகிறது, என்னை ஏமாற்றுகிறது என்று உடனே முடிவுகட்டிவிட்டேன். கெட்ட செய்திக்குச் சாட்சி கேட்க மாட்டேன், நல்ல செய்திக்கு ரத்த சம்பந்தமில்லாத சாட்சி இரண்டு பேர் வேண்டும் எனக்கு.

"அக்கா, நீங்களா வாசிச்சீங்க? நான் ஆவின்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பிரின்ஸ்டன் உள்ளே வந்தான். வங்கி வேலை முடிந்து அப்படியே வந்திருக்கிறான், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. பச்சைத் துணியை உருவி, சுவிட்சைப் போட்டு, வழக்கம்போல அந்தக் கறுப்புக் கட்டையில் விரலை வைத்தான். என் கால் இன்னும் மிதியில் இருந்தது, விரலும் கட்டையில். இரண்டும் ஒன்றாகச் சத்தம் போட்டன. பல்லில் மணல் கடித்ததுபோல எனக்குக் கூசியது. "ஆர்கன் இறங்கிட்டு அக்கா, அதைத் தூக்கிப் போடச் சொல்லுதேன், யாரும் கேக்க மாட்டேங்காங்க" என்றான். பார்த்தாயா என்றது என் புத்தி. ஆனால் கை கட்டையை விடவில்லை. அடுத்த கட்டையை அழுத்தினேன், சரியில்லை, அதற்கும் அடுத்ததை அழுத்தினேன். கீபோர்டும் ஆர்கனும் ஒன்றாகக் கலந்து ஒரே சத்தமாக நின்றன. ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. தோல் கிழிந்து தாறுமாறாக இறங்கிய ஆர்கன் சரியாக இரண்டு கட்டை மட்டும் இறங்குமா? இதைக் கேட்டவள் நானா என்றுகூடத் தெரியவில்லை, "பிரின்ஸ்டன், உன் பெட்டியை ஒரு தடவை பாரு" என்றேன். அவன் குனிந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்தான். ஒரு பொத்தானை அழுத்தினான். இன்னொன்றை அழுத்தினான். அவன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். "அக்கா" என்றான், கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன ஏழாம் தேதி இங்க நடந்த ரோஷன் கல்யாணத்துல, மாப்பிள்ளை தங்கச்சி ஒரு பாட்டுப் பாடுச்சுல்லா? அந்தப் பிள்ளைக்கு ஸ்ருதி ரெண்டு கட்டை ஏத்தி வைக்கணும்னு சொல்லிச்சு. ஏத்தினேன். ஆஃப் பண்ணினா தானா இறங்கிரும்னு நெனச்சேன். மெமரில சேவ் பண்ணித் தொலைச்சிருக்கேன் போல." மூன்று வாரமா? "மூணு வாரமா." எல்லாப் பாட்டுமா? "ஞானப்பாட்டு, ஆமென் எல்லாந்தான்."

நான் பூச்சாடியை எடுத்து மறுபடி ஆர்கன் மேல் வைத்தேன், அது சாய்ந்தது, நேராக்கினேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வாசற்படியையே இரண்டு அடி உயர்த்தி வைத்திருக்க, ஏறமுடியவில்லை என்று நான் என் காலைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். சோல்ஃபாவில் தோ எங்கே இருந்தாலும் தோதான், தாளில் எழுதியிருப்பது மாறாது, பெட்டி கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஏறுவதுதான் எங்கள் பழக்கம். சாருக்குக்கூடத் தெரியவில்லை. எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது, இரண்டும் மூக்கு வழியாக வந்தது. அதற்குள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள், பிரின்ஸ்டன் பாவம், கல்யாண வீட்டுக் கதையை நாலு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. வேதமாணிக்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "நான் உங்களை ரொம்ப ஏசிட்டேன்" என்றார், கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். அப்போதுதான் ராஜபுஷ்பம் டீச்சர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஏளா, நான் புதுப் பல்லு செட்டு சரியில்லன்னுல்லா நெனச்சேன். பல் டாக்டர்ட்ட போயி, உங்க பல்லைப் போட்டதுலயிருந்து எனக்குப் பாட வரலன்னு சண்டை பிடிச்சி, ரெண்டு தடவை ராவி வாங்கிட்டு வந்தேன். இப்பப் பாரு, சோறு மெல்லும்போது கழலுது." அவள் என்னைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தது அதற்குத்தான். டெனர் குரலில் பாடுகிற ஒருவர் மூன்று வாரமாக மோரை விட்டிருக்கிறார். இன்னொருவர் மிளகும் கருப்பட்டியும் தின்று வயிறு எரிந்து கிடந்திருக்கிறார். ஒரு அக்கா தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இருபத்திரண்டு பேர் ஒரே வரிசையில் நின்று, ஒரே இடத்தில் மூச்சு முட்டி, ஒருத்தராவது ஸ்ருதி உசந்திருக்கோ என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தொண்டையைத்தான் சந்தேகப்பட்டோம், அடுத்தவர் காதில் விழுந்துவிடக்கூடாது என்று வாயைக் குறைத்துக்கொண்டோம். போதகர் ஐயாவிடம் யார் போய்ச் சொல்வது, சபையின் உற்சாகம் பிரின்ஸ்டன் பெட்டிக்குள் இருந்தது என்று. "ஒனக்கு என்னளா, நீ என்னன்னு நெனச்ச?" என்று டீச்சர் என்னைக் கேட்டாள். எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி. கைப்பையை மடியோடு அழுத்திக்கொண்டேன். "வயசாயிட்டுன்னு நெனச்சேன்" என்றேன். அது பொய்யில்லை. முழுசும் இல்லை.

பிரின்ஸ்டன் இறக்கிக் கொடுத்த தோவைக் கேட்டதும் இருபத்திரண்டு பேரின் தோளும் ஒன்றாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். மூன்றாம் சரணம் வந்தது, எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள், நான் ஏறினேன். மேல் மீ அங்கேதான் இருந்தது, நான்தான் வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நாலு எண்ணிக்கை. பாடிக்கொண்டிருக்கும்போதே கேஸ் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பது ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் திரையில் ஜெபசிங் என்றுதான் வந்திருக்கும், படித்துவிட்டு சார் என்றிருக்கிறாள், நான் இன்னும் வாயையே திறக்கவில்லையே அப்போது. சிரிப்பு வந்து நாலாவது எண்ணிக்கை கொஞ்சம் ஆடியது, சார் குச்சியால் தட்டவில்லை. பரு இருக்கிறது, தாடையில் முடி இருக்கிறது, அதெல்லாம் கீபோர்டு செய்ததில்லை, அதையும் யோசித்தேன். திங்கட்கிழமை டாக்டர் அம்மாவுக்குப் போன் பண்ணி, நான் பாடுகிறவள் டாக்டர், எனக்கு அடிக்கடி ரத்தம் பார்க்கணும், எந்தப் பட்டாணி என்றும் சொல்லிருங்க என்று கேட்டுவிடுவேன். இனி பயந்துகொண்டு சும்மா இருக்க மாட்டேன். குரல் உண்மையாகவே மாறும் நாள் வந்தால் எதை விடுவேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. இன்றைக்கு விட வேண்டியதில்லை. ஆல்ட்டோ வாக்கியத்தை நான் சாரிடம் சொல்லவே இல்லை, பையில் டியூப் பத்திரமாக இருந்தது.

ஆறரைக்கு வெளியே வந்தபோது வீட்டுக்காரர் வழக்கம்போல கேட்டுக்கு எதிரே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரமாட்டார், வந்தால் யாராவது பேஸ் குரலில் பாடச் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். "ஏறு. முட்டு எப்படி இருக்கு?" என்றார், தினமும் கேட்கிற கேள்விதான். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, இன்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். "ஏங்க, அந்த டியூப் முட்டுவலிக்கு இல்ல" என்றேன். அவர் சாவியில் வைத்த கையை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார். எப்போது தெரியும் என்றேன். "அன்னைக்கே. அட்டைக்குள்ள ஒரு தாள் மடிச்சி வச்சிருந்தான்லா, நீ குளிக்கப் போன நேரம் எடுத்து வாசிச்சேன். எழுத்து கண்ணுக்கே தெரியல, லென்ஸ் வச்சி வாசிச்சேன்." அப்புறம் ஏன் நாள் தவறாமல் முட்டு முட்டு என்று கேட்டீங்க என்றேன். "நீ அப்படித்தான சொன்ன" என்றார். குறட்டை விடுதேன் என்று சொன்னவர் அல்லவா. வண்டியைக் கிளப்பி முருகன்குறிச்சிப் பக்கம் விட்டார். அந்தக் குப்பைத்தொட்டி வந்தது, போனது. அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "குரல் மாறும்னு அதுல போட்டிருந்துது. அதான் காலையில நீ குளிக்கையில பாடுததை வெளிய நின்னு கேப்பேன், பேப்பர் வாசிக்கிற மாதிரி. மூணு மாசமா ஒரு வித்தியாசமும் இல்ல. இப்ப ரெண்டு மூணு வாரமா நீ பாடவே இல்ல. போயிட்டுன்னு நெனச்சேன் சுகிர்தா. கேக்கப் பயமா இருந்துது." அவர் முதுகில் தாடையை வைத்துக்கொண்டேன், அந்த இரண்டு முடியும் சட்டை வழியாக அவரைக் குத்தியிருக்கும். "இப்பப் பாடட்டா?" என்றேன். "ரோட்டுலயா?" என்றார். "ரோட்டுலதான்." அவர் கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார், பஸ் எதுவும் வரவில்லை. கேட்பதற்காக வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.